ஒழுகும் செல், ஒழுகாத செல்

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் திருவொற்றியூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தியில் எனக்கு எதிர் வரிசையில், என்னிடம் பிளஸ் டூ வேதியியல் படித்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நம்ம டோல்கேட் பெண்தான். முனைவர் பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. சாயம் ஏற்றிய சூரிய மின்கலத்தில் உள்ள திரவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாலிமரை வைப்பது அவளுடைய ஆராய்ச்சி. பக்கத்து இலையில் இருந்த அவள் பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, "அஞ்சு வருஷம் கண்ணாடியில பசை தடவினதுக்குத்தான் டாக்டர் பட்டமாம். மாடியில போடுற சோலார் வேறயாமே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாயசம் அப்படியே இருந்தது.

கை கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னாள்: "அவர் சொன்னது தப்பில்ல சார். நான் வேலை செஞ்ச செல் எந்த மாடியிலயும் இல்ல."

எனக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல வராது. வகுப்பிலேயே அப்படித்தான், மறுநாள் வந்துதான் சரியான பதிலைச் சொல்வேன். அது உங்களுக்கே தெரியும். இந்த முறை மூன்று நாள் ஆகிவிட்டது.

பெரியப்பா "பசை" என்றாரே, அங்கிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் நம் ஊருக்குப் பசையும் மின்கலமும் புதிதில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எவரெடி பேட்டரி ஆலை இருந்ததை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் தெருக்களில் தீர்ந்துபோன டார்ச் செல்லை உடைக்காத பையன் கிடையாது. நடுவில் இருக்கும் கரிக்குச்சி தரையில் பாண்டிக் கட்டம் போட உதவும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் கோவை இலையோடு சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். நான் மாணவனாக இருந்தபோதும் பூசினேன், ஆசிரியரான புதிதிலும் பூச வைத்தேன். (அது மாங்கனீசு டை ஆக்சைடு, பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.) அந்தத் தூளுக்கும் வெளியே இருக்கும் துத்தநாகக் கூட்டுக்கும் நடுவில் பிசுபிசுவென்று ஓர் அடுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பெரியப்பா சொன்ன பசை.

1866இல் பிரான்சின் ஜார்ஜ் லெக்லாஞ்சே செய்த மின்கலம் ஒரு கண்ணாடி ஜாடி. அதில் நவச்சாரக் கரைசல், ஒரு துத்தநாகக் கோல், மாங்கனீசு டை ஆக்சைடும் கரியும் நிரப்பிய நுண்துளைப் பானை. தந்தி அலுவலகத்தில் அலமாரியில் வைத்துவிட்டால் நன்றாக வேலை செய்யும். கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. சாய்ந்தால் கொட்டும், வைத்திருந்தால் வற்றும். இருபது ஆண்டுகள் கழித்து, 1886இல் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் அதே நவச்சாரத்தைப் பாரிஸ் சாந்தோடு குழைத்துக் கெட்டியாக்கினார். ஜாடியே வேண்டாம் என்று துத்தநாகத்தையே கூடாக்கினார். பின்னால் வந்தவர்கள் சாந்துக்குப் பதில் மாவும் ஸ்டார்ச்சும் காய்ச்சிய கஞ்சியைப் போட்டார்கள். ஆமாம், கஞ்சிதான். டார்ச் விளக்கு என்ற பொருள் உலகத்துக்கு வந்ததே அந்தக் கஞ்சியால். மின்சாரம் உண்டாகும் வேதிவினையில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. திரவம் ஓடாமல் நின்றது, அவ்வளவுதான். உலர் மின்கலம் என்று பெயரே தவிர அது முழுக்க உலர்ந்ததும் இல்லை. முழுக்க உலர்ந்தால் வேலை செய்யாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் திரும்ப வரும்.

இனி சூரிய மின்கலம். உங்களில் சிலருக்கு 2011 அறிவியல் கண்காட்சி ஞாபகம் இருக்கும். நாவல்பழச் சாற்றில் மின்சாரம் எடுத்தோமே, அதுதான் இந்த வகை. மின்சாரம் கடத்தும் கண்ணாடித் துண்டு ஒன்றில் டைட்டானியம் டை ஆக்சைடுத் தூளைக் குழைத்துத் தடவிச் சுட்டோம். பற்பசையிலும் வெள்ளைப் பெயின்டிலும் இருக்கும் அதே தூள். அதை நாவல்பழச் சாற்றில் ஊறவைத்தோம். இன்னொரு கண்ணாடியை மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கரி ஏற்றினோம். இரண்டையும் சேர்த்துக் கிளிப் போட்டு, இடையில் அயோடின் கரைசலைச் சில சொட்டு விட்டோம். வெயிலில் வைத்ததும் மல்டிமீட்டர் 380 மில்லிவோல்ட் காட்டியது. தலைமை ஆசிரியர் கைதட்டினார். மறுநாள் காலை பார்வையாளர் வருவதற்குள் செல் செத்துவிட்டது. ஓரம் வழியாகத் திரவம் ஆவியாகிப் போயிருந்தது. வழிந்த அயோடின் முதலைக் கிளிப்பின் செம்பைத் தின்று கறுப்பாக்கியிருந்தது. அன்று என் பக்கத்தில் நின்று, "சார், இது ஏன் சார் கஞ்சி மாதிரி நிக்கக் கூடாது?" என்று கேட்டவள்தான் இந்தப் பெண். அவளுடைய அப்பா பேட்டரி வேலை பார்த்தவர். அதனால் அந்தக் கேள்வி அவளுக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

அவள் கேட்ட கேள்வியை உலகத்தின் பெரிய ஆய்வகங்களும் அந்தக் காலத்தில் கேட்டுக்கொண்டிருந்தன.

சாயத்தால் வெளிச்சத்தைப் பிடித்து மின்சாரமாக்கலாம் என்பது பழைய எண்ணம். 1960களில் ஜெர்மனியில் கெரிஷரும் டிரிபுட்சும் துத்தநாக ஆக்சைடுப் படிகத்தில் சாயம் ஏற்றிக் காட்டினார்கள். ஆனால் வழவழப்பான படிகத்தில் சாயம் ஒற்றை அடுக்காகத்தான் ஒட்டும், வெளிச்சம் அதைக் கடந்து போய்விடும். 1991இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிரையன் ஓரீகனும் மைக்கேல் கிரெட்செலும் அந்த வழவழப்பையே விட்டுவிட்டார்கள். நானோ அளவுத் துகள்களைச் சுட்டு ஒட்டவைத்து, கடற்பஞ்சு போலத் துளை நிறைந்த படலமாக்கினார்கள். தடிமன் சுமார் 10 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. உள்ளே இருக்கும் பரப்போ பல நூறு மடங்கு. அதில் சாயம் நிறைய ஒட்டியது. வெயிலின் 7 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக மாறியது. நேச்சர் இதழில் அந்தக் கட்டுரை வந்ததும் அறிவியல் உலகமே திரும்பிப் பார்த்தது. சிலிக்கான் உருக்கும் உலை வேண்டாம், பெயின்ட் போலத் தடவலாம், செலவு குறைவு. 1993இல் அதே குழு 10 சதவீதத்தை எட்டியது. அந்த ருத்தேனியச் சாயத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் நஸீருத்தீன், ஹைதராபாத் உஸ்மானியாவில் படித்தவர்.

அந்தச் செல்லின் உள்ளே நடப்பதை நம் ஊர் வழக்கில் சொல்கிறேன். சாயத்தின் மேல் வெளிச்சம் விழுந்ததும் அது ஓர் எலக்ட்ரானை வெள்ளைப் படலத்துக்குள் தள்ளிவிடும். எலக்ட்ரான் கம்பி வழியாகச் சுற்றி விளக்கை எரித்துவிட்டு எதிர்க் கண்ணாடிக்கு வந்து சேரும். ஆனால் சாயத்துக்கு ஓர் எலக்ட்ரான் குறைந்துவிட்டதே, அதை யார் நிரப்புவது? அங்கேதான் அயோடைடு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரைப் போல எதிர்க் கண்ணாடியில் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு வந்து சாயத்திடம் இறக்கிவிட்டு, டிரை அயோடைடாக வெறுங்கையோடு திரும்பிப் போகும். விநாடிக்குக் கணக்கில்லாத நடை. அந்த நடைக்குப் பாதை வேண்டும். அந்தப் பாதைதான் திரவம், பாடப்புத்தகத்தில் மின்பகுளி என்று படித்தீர்களே அது.

நல்ல பாதைக்கு அசிட்டோநைட்ரைல் போன்ற நீர்த்த கரைப்பானே சிறந்தது. ஆனால் அது 82 டிகிரியில் கொதிக்கும். மே மாதம் நம் வீட்டு மொட்டைமாடியில் வெயில் படும் கறுப்புத் தகடு 70 டிகிரியைத் தொடும். கண்ணாடிக்கு உள்ளே ஆவி அழுத்தும், ஒட்டிய ஓரம் விடும். விட்ட ஓரம் வழியாக அயோடின் வெளியே வந்தால் வெள்ளி, செம்பு எதையும் விடாது, அரிக்கும். சிறு செல்லில் ஓரத்தை நன்றாக அடைத்துவிடலாம். ஒரு சதுர மீட்டர் தகட்டில் ஓரம் எத்தனை, இடையில் ஓடும் உலோகக் கோடு எத்தனை? ஒரு மூலையில் விட்டாலும் போயிற்று. சிலிக்கான் தகடு 25 ஆண்டுகள் மாடியில் கிடக்கும். அதோடு போட்டி போட வேண்டியது, உள்ளே தண்ணீர் போல ஒன்றை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பிக்கு வருடா வருடம் பெயின்ட் அடிக்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அப்போது பாலிமர் பக்கம் கண் போனது. பலபடி என்று நான் நடத்தியதேதான். பிளாஸ்டிக் என்றால் மின்சாரம் கடத்தாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1973இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பீட்டர் ரைட்டும் கூட்டாளிகளும் பாலி எத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமர் உப்பைக் கரைத்து வைத்துக்கொள்கிறது என்று கண்டார்கள். திடப்பொருளுக்குள் உப்பு கரைவது! 1970களின் கடைசியில் பிரான்சின் மிஷெல் ஆர்மான், இதை மின்கலத்தில் மின்பகுளியாக வைக்கலாமே என்றார். அங்கிருந்து லித்தியம் பேட்டரிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். நம் காரைக்குடியிலும் அந்த வேலை நிறைய நடந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத்தான் சொல்கிறேன்.

அயனி பாலிமருக்குள் எப்படி நடக்கிறது? காசிமேட்டில் விடியற்காலை ஏலக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நடக்க இடம் கிடையாது. ஆனால் ஒரு மீன் கூடை கை மாறிக் கை மாறி அந்தக் கடைசிக்குப் போய்விடும். கூட்டம் அசைந்து கொடுத்தால்தான் போகும். பாலிமர்ச் சங்கிலிகளும் அப்படித்தான். அவை நெளிந்தால் அயனி நகரும். பாலி எத்திலீன் ஆக்சைடு அறை வெப்பத்தில் பாதிக்குமேல் படிகமாகி விறைத்து நின்றுவிடும். சுமார் 65 டிகிரியில்தான் உருகும். அதனால் அதன் கடத்துத்திறன் திரவத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. போதாததற்கு, நீளமான சங்கிலிகள் அந்த நானோ துளைகளுக்குள் நுழையவே அடம்பிடிக்கும். துளைக்குள் உட்கார்ந்திருக்கும் சாயத்துக்கு எலக்ட்ரான் கொண்டுபோக ஆள் இல்லை.

இந்த இரண்டு சிக்கலையும் அவிழ்ப்பதற்குத்தான் முப்பது வருடம் போனது.

1995இல் அமெரிக்காவில் சியர்சன் குழு பாலி அக்ரிலோநைட்ரைலில் கரைப்பானை ஊறவைத்துக் கூழாக்கியது. அது வேறொன்றுமில்லை, குளிருக்குப் போடும் அக்ரிலிக் ஸ்வெட்டர் நூல்தான். வெளியே பார்க்கத் திடம், உள்ளே ஈரம். நம் கஞ்சி செல்லின் தம்பி. 2001இல் பிரேசிலின் டி பாவோலி குழு கரைப்பானே இல்லாத பாலிமரை வைத்தது. அதன் எண்களைப் பாருங்கள். மங்கலான வெளிச்சத்தில் 2.6 சதவீதம், முழு வெயிலில் 1.6 சதவீதம். வெளிச்சம் கூடினால் திறன் கூட வேண்டாமா என்று கேட்பீர்கள். மூட்டை கூடிவிட்டது, தூக்குகிறவர் வேகம் கூடவில்லை. அதுதான் காரணம். (இதனாலேயே சிலர் மங்கலான வெளிச்சத்தில் அளந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஆய்வுக் கட்டுரை படிக்கிற பிள்ளைகள் சதவீதத்தைப் பார்க்கும் முன் எந்த வெளிச்சத்தில் அளந்தார்கள் என்று பாருங்கள்.) 2002இல் ஏதென்ஸின் ஃபலாராஸ் குழு பாலி எத்திலீன் ஆக்சைடில் டைட்டானியம் டை ஆக்சைடு நானோ தூளைக் கலந்தது. தூள் நடுவில் புகுந்து சங்கிலிகளை வரிசையாக அடுக்க விடாமல் கெடுத்தது. படிகம் குறைந்தது, நெளிவு கூடியது. திறன் 4 சதவீதத்தைத் தாண்டியது, அதுவும் முழு வெயிலுக்குக் குறைந்த வெளிச்சத்தில்தான்.

2003இல் லோசானிலிருந்தே ஒரு கட்டுரை வந்தது. பாலிவினைலிடீன் ஃபுளோரைடு குடும்பத்துப் பாலிமர் ஒன்றால் கூழாக்கிய மின்பகுளி, எளிதில் ஆவியாகாத வேறு கரைப்பான். 80 டிகிரியில் 1000 மணி நேரம் வைத்தார்கள். தொடக்கத் திறனில் 94 சதவீதம் அப்படியே இருந்தது. திறன் 6 சதவீதத்துக்கு மேல். ஆசிரியர் பட்டியலில் நஸீருத்தீனோடு ஜகீருத்தீன் பெயரும் இருந்தது. என் கண்ணுக்கு 1991 கட்டுரையைவிட இதுதான் பெரிது. 1991இல் ஓடியது, 2003இல்தான் வெயிலில் நின்றது.

அந்தப் பாலிமர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். தூண்டில் போடுகிறவர்கள் ஃபுளோரோகார்பன் நரம்பு என்று வாங்குகிறீர்களே, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத அந்த நரம்பு பாலிவினைலிடீன் ஃபுளோரைடுதான். உப்புத் தண்ணீரும் வெயிலும் அதை ஒன்றும் செய்யாது என்பதை ஆராய்ச்சியாளருக்கு முன்னாலேயே மீன்பிடிக்கிறவர் அறிவார். நம் சென்னையில், கிண்டி வளாகத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழக ஆற்றல் துறையில் மருதமுத்து, ஆனந்தன் ஆகியோர் அடங்கிய குழு இதே பாலிமரில் ஹெட்டெரோபாலி அமிலத்தை ஊட்டி, சாய மின்கலத்துக்குத் திட மின்பகுளி செய்து 2006இல் வெளியிட்டது. டோல்கேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடும் தூரம்.

கடலுக்கு அந்தப் பக்கம் கண்டியை மறக்கக் கூடாது. அங்கே அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் கீர்த்தி தென்னக்கோன் குழு 1995இலேயே திரவத்தைத் தூக்கி எறிந்தது. பாலிமரும் வைக்கவில்லை. செம்பு அயோடைடு என்ற திடப்பொருளைத் துளைகளுக்குள் இறக்கியது. சாயம் என்ன தெரியுமா? சயனிடின். பூவுக்கும் பழத்துக்கும் சிவப்பும் ஊதாவும் தரும் நிறமி, நம் நாவல்பழச் சாற்றின் உறவுக்காரன். திறன் 1 சதவீதத்தை ஒட்டித்தான். நாளாக நாளாகச் செம்பு அயோடைடுப் படிகங்கள் பெருத்துத் தொடர்பு விட்டுப்போகும் குறையும் இருந்தது. அதே மலைநாட்டில் திசாநாயக்க குழு பாலிமர்ப் பக்கம் நின்று ஒரு நுட்பத்தைப் பிடித்தது. லித்தியம் பேட்டரியில் நேர் அயனி நகர வேண்டும். சாய மின்கலத்தில் நகர வேண்டியது எதிர் அயனியான அயோடைடு. பேட்டரிக்காரர்களிடமிருந்து கடன் வாங்கிய செய்முறையை அப்படியே வைத்தால் தப்பான ஆள் ஓடுவான். எனவே நேர் அயனியாகக் கொழுத்த, நகரமாட்டாத அம்மோனிய வகை ஒன்றைப் போட்டு, அயோடைடை மட்டும் ஓடவிட்டார்கள். பிறகு அதோடு கொஞ்சம் பொட்டாசியம் அயோடைடையும் கலந்து, ஒரு நேர் அயனி மின்னழுத்தத்துக்கு, இன்னொன்று மின்னோட்டத்துக்கு என்று பங்கு பிரித்து, 2012இல் 5 சதவீதத்துக்குச் சற்று மேலே காட்டினார்கள். எங்கள் டோல்கேட் பெண்ணின் ஆய்வேட்டில் பெரும்பகுதி இந்த வழியில் போனதுதான்.

இனி பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். மாடியில் ஏன் இல்லை? அவர் சொன்னது உண்மை, நான் மழுப்பப் போவதில்லை. இவர்கள் ஒன்று ஒன்றாகச் சதவீதம் ஏற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் சிலிக்கான் தகட்டின் விலை சரிந்து விழுந்தது. மலிவு என்ற ஒரே காரணத்துக்காகப் பிறந்த செல்லுக்கு அந்தக் காரணமே போய்விட்டது. லோசானில் ஒரு மாநாட்டு மண்டபத்தின் வெளிச்சுவரில் வண்ண வண்ணமாகச் சாயத் தகடுகள் இருக்கின்றன, பார்க்க அழகு. வீட்டுக்குள் மங்கிய வெளிச்சத்தில் ஓடும் சின்னக் கருவிகளுக்கும் இந்த வகை பொருந்துகிறது. மாடி சிலிக்கானுக்குத்தான்.

ஆனால் பெரியப்பாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. 2009இல் ஜப்பானின் மியாசாகா குழு சாயத்துக்குப் பதிலாக பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தை வைத்தது. திறன் 3.8 சதவீதம். மற்றபடி அது சாய மின்கலம்தான், உள்ளே அதே திரவம். அந்தத் திரவம் பெரோவ்ஸ்கைட்டைக் கரைத்துக் குடித்துவிட்டது. செல் சீக்கிரமே செத்துப்போனது. நம் 2011 கண்காட்சி போலவே. மூன்று வருடத்தில் என்ன நடந்தது? 2012இல் கொரியாவின் பார்க் நாம் கியூவும் கிரெட்செலும் சேர்ந்து திரவத்தை எடுத்துவிட்டு, 1998 முதல் திடச் சாய மின்கலங்களுக்காகப் பயன்பட்டுவந்த ஒரு கரிமத் திடப்பொருளை அங்கே வைத்தார்கள். 9.7 சதவீதம், 500 மணி நேரம் நின்றது. இன்று பெரோவ்ஸ்கைட் செல்கள் 25 சதவீதத்தைத் தாண்டிச் சிலிக்கானுக்குச் சமமாக நிற்கின்றன. திரவமே வேண்டாம் என்று கண்டியிலும் கிண்டியிலும் லோசானிலும் கெட்டியானதைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் இல்லாமல் இருந்தால் அந்தப் படிகம் ஒரு சொட்டுக் கரைசலில் கரைந்து முடிந்திருக்கும். வென்றது பாலிமர்க் கூழ் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். திரவத்தை வெளியே அனுப்பு என்று கேட்ட கேள்வி வென்றது.

இந்தப் பெண்ணின் செல் 4 சதவீதத்தைத் தொடவில்லை. ஆனால் எட்டு மாதம் அலமாரியில் வைத்து வாராவாரம் அளந்திருக்கிறாள். அந்த வரைபடத்தை மண்டப வாசலில் போனில் காட்டினாள். கோடு மெல்லச் சரிகிறது, எங்கேயும் அறுந்து விழவில்லை. ஓரத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்றாள். நான் செய்த செல் ஒரு ராத்திரி தாங்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்த 2011 கண்ணாடித் துண்டுகள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அயோடின் கறை போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கொஞ்சம் பாலிமர்க் கூழ் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறாள். நாவல்பழம் வண்டியில் வந்துவிட்டது, வாங்கிவிட்டேன். பெரியப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்றார். என்னுடைய மல்டிமீட்டரில் ஃபியூஸ் போய்விட்டது. பக்கத்தில் இருக்கிற யாராவது ஒன்று எடுத்து வந்தால் நல்லது. பத்து மணிக்குள் வாருங்கள், அதற்கு மேல் எங்கள் மாடியில் கால் வைக்க முடியாது.